காலமை சாப்பிடேல்லை, அதுதான்

கோப்பாயில் செந்தூரன் என்ற பெயரில் பலர் உண்டு. ரியூசன் செந்தூரன், ஓட்டோச் செந்தூரன், ஊர்ச் சண்டைக்கெல்லாம் சாட்சி சொல்லப் போகிற இன்னொரு செந்தூரன். இந்தக் கதைக்குரியவன் பிளேன் செந்தூரன். கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே சின்ன விமானம் ஓட்டுகிறவனுக்கு ஊர் மரியாதையாகக் கொடுத்த பெயர் அது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அவனுக்கு அரைக்காற்சட்டை வயதிலேயே கிடைத்த கேலிப்பெயர் அது.

போர்க்காலத்தில் குண்டுபோட வருகிற விமானத்தின் இரைச்சல் கேட்டால் ஊரே பதுங்குகுழிக்கு ஓடும். செந்தூரனும் ஓடுவான். ஆனால் பாதி வழியில், வெங்காயப் பாத்திக்குள்ளோ கிணற்றடியிலோ, கால் மடிந்து விழுந்துவிடுவான். தகப்பன் பரமலிங்கம் திரும்பி ஓடிவந்து அவனை உரமூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு போவார். குழிக்குள் முகத்தில் தண்ணீர் தெளித்தால் கண் விழிப்பான். "பிளேனைக் கண்டால் பொத்தெண்டு விழுந்திடுவான்" என்று பெடியள் சிரித்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த நேரத்திலும் இந்தச் சனத்துக்குச் சிரிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

தாய் குணலட்சுமிக்கு அது சிரிப்பாக இல்லை. பிள்ளையைப் பிடித்த பயம் விட்டுப் போகவேண்டும் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டாள். வருஷா வருஷம் பிள்ளை கந்தசஷ்டி விரதம் பிடிப்பான், சூரன்போர் முடியும்வரை பச்சைத்தண்ணீரும் பின்னேரம் ஒரு இளநீரும் தவிர வாயில் எதுவும் வைக்கமாட்டான் என்பது நேர்த்தி. பிறகு இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்தார்கள், போரும் ஒருநாள் ஓய்ந்தது. பதுங்குகுழிக்கு ஓடவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. அவன் விழுவதும் நின்றுபோனது. எல்லாப் புகழும் முருகனுக்கே போய்ச் சேர்ந்தது.

எந்தச் சத்தத்தைக் கேட்டு விழுந்தானோ அந்தச் சத்தத்துக்குள்ளேயே போய் உட்காருவேன் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். படித்தான், விமானியும் ஆனான். வருஷம் தவறாமல் விமானிகளுக்கு உடற்பரிசோதனை நடக்கும். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்ப்பார்கள், கண்ணையும் காதையும் பார்ப்பார்கள். எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்று வைத்தியர் கேட்பார். இல்லை என்பான். அவனுடைய கணக்கில் அது பொய்யில்லை. சின்னவயதில் விழுந்தது மயக்கமா என்ன? அது பயம். பயத்தைப் பற்றி எந்த வைத்தியரும் கேட்கவில்லை.

விரதத்தை மட்டும் அவன் விடவில்லை. சாகக்கிடந்தபோது குணலட்சுமி அவனுடைய கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை அப்படி: "உன்ரை பயத்தை முருகன்தான் வாங்கி வைச்சிருக்கிறான். விரதத்தை விட்டியெண்டால் உனக்கோ உன்ரை பிள்ளைக்கோ திருப்பித் தந்திடுவான்." படித்தவன்தான், காற்றையும் மேகத்தையும் கணக்குப் பார்த்து விமானம் ஓட்டுகிறவன்தான். ஆனாலும் பிள்ளை என்ற சொல் அவனுடைய அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெறும் வயிற்றோடு விமானம் ஓட்டக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். புதிதாக வருகிற விமானிகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவனும் செந்தூரன்தான். அதனால் சஷ்டிக்கு வழக்கமாக லீவு போட்டுவிடுவான். இந்த முறை சஷ்டிக்கு முன்னர் மற்ற விமானி மோட்டார்சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொண்டார். "நீ இல்லாட்டில் பிளேன் நிலத்திலைதான் நிக்கும்" என்று மேலாளர் கெஞ்சினார். செந்தூரன் ஓம் என்று சம்மதித்தான். தான் விரதம் என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாலு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்கள்தான் மனிசனைக் கெடுக்கின்றன.

சூரன்போருக்கு முதல்நாள் காலை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மன்னாரைத் தாண்டி வடக்கே வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் துணை விமானி ஸ்ரெல்லா. குருநகரில் கடற்தொழில் செய்கிற சிமியோனின் மகள். கதை குறைவு, கவனம் அதிகம். பின்னால் பயணிகள் சிலர் தூங்கினார்கள், சிலர் ஜன்னலால் படம் எடுத்தார்கள். பூநகரிப் பக்கம் கடல்நீரேரி வெயிலில் மினுங்கத் தொடங்கியதைச் செந்தூரன் பார்த்தான். நெஞ்சுக்குள்ளே ஏதோ படபடவென்று அடித்தது, ஓட்டுக்கூரைக்குள் அகப்பட்ட புறா சிறகடிக்கிற மாதிரி.

"அண்ணை! அண்ணை!"

ஸ்ரெல்லாவின் ஒரு கை அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மற்றக் கை விமானத்தைப் பிடித்திருந்தது. கீழே நீரேரி இல்லை. பனங்கூடலும் சிவப்பு மண்ணும் தெரிந்தன. இடையில் இருந்த தூரத்தை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"ஒண்டுமில்லை" என்றான். "நீரே பிளேனை இறக்கும். கொன்ட்ரோல் கோபுரத்துக்கு ஒண்டும் சொல்லாதையும்."

அவள் இறக்கினாள். பயணிகள் கைதட்டாத குறையாக இறங்கிப் போனார்கள். ஒரு வயதான அம்மா படியடியில் நின்று, "நல்லாயிரு ராசா, பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்திட்டாய்" என்று செந்தூரனுடைய கன்னத்தைத் தடவினார். அவனுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எல்லாரும் போனபின் ஸ்ரெல்லா விமானத்தின் நிழலில் வந்து நின்றாள். கைகளை மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"உங்களுக்கு என்ன நடந்தது அண்ணை?"

"கண் அயர்ந்திட்டுது. நான் சஷ்டி பிடிக்கிறன். காலமை சாப்பிடேல்லை, அதுதான்."

"கண் அயர்ந்த ஆக்களை நான் கண்டிருக்கிறன்" என்றாள் ஸ்ரெல்லா. "உங்கடை கண் திறந்துதான் இருந்தது."

கொஞ்ச நேரத்தில் இதே விமானத்தை இரத்மலானைக்குத் திருப்பி ஓட்டவேண்டும். "ஒரு தேத்தண்ணியும் ரெண்டு வடையும் உள்ளை போனால் சரியாயிடும்" என்றான். அவனுடைய குரலிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை.

"நான் உங்களோடை ஏறமாட்டன் அண்ணை. நீங்கள்தான் எனக்குத் தொழில் பழக்கினது, எனக்கு உங்களிலை மரியாதை இருக்கு. ஆனால் பாருங்கோ, கை இன்னும் நடுங்குது." கட்டியிருந்த கைகளைப் பிரித்து நீட்டினாள். உண்மையாகவே நடுங்கின. "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

அவன் கன்ரீனுக்கு நடந்தான். வடையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தின்றால் தாய் சொன்ன வார்த்தை. தின்னாவிட்டால் மேலே மறுபடியும் அந்த வெட்டு. சொன்னால் வேலை, லைசென்ஸ், ஊரின் வாய். மூன்று பக்கமும் பயம். நாலாவது பக்கம் சுவர். இதற்குள் வேறொரு சின்னக் குடைச்சலும் இருந்தது. காலமை சாப்பிடேல்லை, அதுதான். இதே வசனத்தை, இதே குரலில், இதற்கு முன்பும் எங்கேயோ சொல்லியிருக்கிறான். எங்கே?

"அப்பா! விரதம் முடிஞ்சுதோ? வடை சாப்பிடப் போறியள்!"

யதுர்சிகா. அவனுடைய ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயது. பின்னால் பயணப்பையை இழுத்துக்கொண்டு மனைவி உதயகலா வந்தாள். இவர்கள் இந்த விமானத்தில்தான் கொழும்புக்கு வருகிறார்கள் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. உதயகலாவின் அக்கா லண்டனிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் தங்கி நிற்கிறாள், பார்க்கப் போகிறார்கள். யது கையிலிருந்த சின்னப் பையைத் திறந்து நீல நிறத் துணி ஒன்றை இழுத்துக் காட்டினாள். "பெரியம்மா அனுப்பின நீச்சல் உடுப்பு. பின்னேரம் ஹோட்டல் பூலுக்குக் கூட்டிக்கொண்டு போறாவாம். நான் ஜன்னல் சீற்றிலை இருக்கட்டோ அப்பா?"

அந்த முகத்தைப் பார்த்தபோது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆவணி மாதம், பள்ளிக்கூட மைதானம். ஓட்டப் பயிற்சியில் யது விழுந்துவிட்டாள் என்று அழைப்பு வந்து போனான். போகும்போது உதயகலா வாசல்வரை வந்து சொல்லியனுப்பினாள்: "பொம்பிளைப் பிள்ளை. மயங்கி விழுறவள் எண்டு ஒரு கதை வெளியாலை போச்செண்டால் நாளைக்கு ஒரு இடத்திலை குடுக்கேலாது. என்னத்தையாவது சொல்லிச் சமாளியுங்கோ." அவன் சமாளித்தான். ரீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன வசனம்தான் அது. காலமை சாப்பிடேல்லை ரீச்சர், அதுதான்.

சுத்தப் பொய். அன்றைக்கு அவன் வீட்டில் நின்றான். அவன்தான் புட்டு அவித்தான். யது முட்டைப்பொரியலோடு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை ஓடும்போது விழுந்தாள். அவனும் சின்னவயதில் ஓடும்போதுதான் விழுந்தான். ரீச்சர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது: "கண் திறந்தபடியே கிடந்தவள், நாங்கள் பயந்துபோனம்." அன்றைக்கு நூல் கட்டினார்கள், கோயிலுக்கு அர்ச்சனை செய்தார்கள். அத்தோடு அந்தக் கதை வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டது.

பசி இல்லையென்றால் இது வேறென்ன? அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தலைக்குள் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையை ஜன்னலோரத்தில் இருத்தி மேலே கொண்டுபோக அவன் தயாராக இருந்தான் என்பது மட்டும் தெரிந்தது. தன்மேல் அவனுக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. வடையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினான்.

கம்பனியின் பலாலி அலுவலர் செபநாயகம் பயணிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லவேண்டும் என்றுதான் செந்தூரன் போனான். வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"நான் பிளேன் ஓடமாட்டன். வரேக்கை மேலை எனக்கு நினைவு தப்பிப்போச்சு."

வரிசையில் சத்தம் கிளம்பியது. அன்றிரவு டோகாவுக்குப் போக இருந்த ஒருவர் முகம் சிவக்கக் கத்தினார்: "உடம்புக்கு வருத்தமெண்டால் வீட்டிலை கிடக்கிறதுதானே! காலமை உந்தப் பிளேனிலை வந்த சனத்தின்ரை உயிர் என்ன உயிரில்லையோ?" நியாயமான கேள்வி. அதைக் கேட்க அந்த மனிசனுக்கு முழு உரிமையும் இருந்தது. செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஸ்ரெல்லா வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

உதயகலா அவனை மூலைக்கு இழுத்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உங்களுக்கு விசரோ? சாப்பிட்டிட்டுப் பேசாமல் ஏறியிருக்கலாம்தானே. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லவேணுமோ? இனி ஆர் உங்களைப் பிளேன் ஓட விடுவினம்?"

"ஒருத்தரும் விடமாட்டினம் உதயா" என்றான். யது நீலத் துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

மூன்று பேரும் ஓட்டோ பிடித்துப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வைத்தியர் ஒரு இளம் பெண். நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார். வந்த தாளை நீளமாக விரித்துப் பார்த்தார். ஒருதரம் பார்த்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். வைத்தியர்மார் இரண்டாம் தரம் பார்க்கிறபோது நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை போலும்.

"முந்தி எப்பவாவது விழுந்திருக்கிறியளோ?"

செந்தூரன் முதல்முறையாக ஓம் என்றான். பதுங்குகுழி, வெங்காயப் பாத்தி, தகப்பனின் தோள் எல்லாம் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்கடை குடும்பத்திலை வேறை ஆரும் இப்பிடி விழுந்ததோ? சின்ன வயசிலை திடீரெண்டு செத்தவை ஆரும்?"

பக்கத்தில் நின்ற உதயகலா அவனுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள், ஆனால் அந்தப் பிடியின் அர்த்தம் அவனுக்கு விளங்கியது. வேலை போயிற்று, மானம் போயிற்று, பிள்ளையையாவது விட்டுவையுங்கோ. ஒரு மூச்சு விடுகிற நேரம் அவன் அவள் சொல்கிறபடியே செய்ய நினைத்தான். விமான நிலையத்தில் பேசியதைவிட இது கஷ்டமாக இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் இந்த நோய் யதுவுக்கும் உண்டு என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இல்லை என்று இருந்துவிடலாம்.

"என்ரை மகள்" என்றான். "ஆவணியிலை. ஓடேக்கை."

வைத்தியர் எழும்பிவிட்டார். "பிள்ளை இப்ப எங்கை?"

யது வெளியே விறாந்தையில் இருந்தாள். தாதி போய்க் கூட்டிவந்தாள். அதே கட்டிலில் படுக்க வைத்து அதே வயர்களை ஒட்டினார்கள். யதுவுக்குக் கூச்சம், சிரித்தாள். மெசின் தாளைத் தள்ளியது. வைத்தியர் தகப்பனின் தாளையும் மகளின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செந்தூரனுக்கு அந்தக் கோடுகளை வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருந்ததை அவனால் பார்க்க முடிந்தது.

பிறகு அவர் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு தரம் அடித்தபிறகும் இதயம் அடுத்த அடிக்கு ஆயத்தமாகவேண்டும். இந்தக் குடும்பத்து இதயம் ஆயத்தமாக வழமையைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தில் ஓடினாலோ, பதறினாலோ அது தாளம் தப்பி வீணாகத் துடிக்கும். சில நாட்களில் படத்தில்கூடத் தெரியாமல் ஒளிந்திருக்கும். பட்டினி கிடந்து உடம்பில் உப்புச்சத்துக் குறைந்ததால் இன்றைக்கு உங்களில் வெளியே வந்தது. பிள்ளைக்குப் பட்டினி இல்லாமலே தெரிகிறது, உங்களைவிடக் கடுமையாக. சில தரம் தானாகவே சரிவரும். "சில தரம் வராது" என்றார்.

"பசியாலை எண்டு நினைச்சன் டொக்டர்."

"அப்பிடி நினைச்சுச் சாப்பிட்டிட்டுப் போயிருந்தால் நானும் உங்களைக் கண்டிருக்கமாட்டன், பிள்ளையையும் கண்டிருக்கமாட்டன்." பயணப்பையைப் பார்த்தார். "எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

யது முந்திக்கொண்டு சொன்னாள். "கொழும்புக்கு. பின்னேரம் நீந்தப் போக இருந்தம்."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். தாதியிடம் யதுவை அடுத்த அறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கதைத்தார். "இந்த வருத்தம் உள்ள பிள்ளையளுக்கு ஓட்டத்தை விடத் தண்ணிதான் பயம். நல்லாய் நீந்தத் தெரிஞ்ச பிள்ளையும் சத்தமில்லாமல் அமிழ்ந்துபோகும். பக்கத்திலை நிக்கிறவைக்கும் தெரியாது."

உதயகலாவின் கை அப்போதும் அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தது. அந்தக் கை விட்டது. பிறகு வாயைப் பொத்தியது. அதற்குப் பிறகும் அவளிடமிருந்து வந்த சத்தத்தைச் செந்தூரன் இன்றுவரை மறக்கவில்லை.

செந்தூரன் இப்போது விமானம் ஓட்டுவதில்லை. பலாலியில் கம்பனியின் தரை அலுவல்களைப் பார்க்கிறான். ஸ்ரெல்லா கப்டன் ஆகிவிட்டாள். இறங்கி வருகிறபோது இவனுக்குக் கையசைப்பாள். புதிய விமானிகளுக்குச் சாப்பாட்டைப் பற்றியும் நித்திரையைப் பற்றியும் அவன்தான் இப்போதும் வகுப்பு எடுக்கிறான். பயந்து விழுந்ததையும் விழுந்ததென்றே சொல்லவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்கிறான்.

அவனைப் பயமுறுத்துவது விமானம் விழுந்திருக்கும் என்ற நினைவல்ல. வடையைத் தின்றுவிட்டு, ஸ்ரெல்லாவைக் கெஞ்சிச் சமாளித்து அன்றைக்கு அவன் ஏறியிருந்தால், பெரும்பாலும் எல்லாம் நல்லபடி நடந்திருக்கும். இரத்மலானையில் இறங்கியிருப்பார்கள். யாராவது கன்னத்தைத் தடவியிருப்பார்கள். பின்னேரம் யது அந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் குதித்திருப்பாள். எல்லாம் நல்லபடி நடந்திருக்கும் என்பதுதான் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்க்க வைக்கிற நினைவு.

அடுத்த வருஷம் சஷ்டி தொடங்கிய காலை உதயகலா ஒரு கோப்பை புட்டைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தாய் சொன்ன வார்த்தை இன்னும் அடிவயிற்றில்தான் இருந்தது. முருகா, பிள்ளையிலை கை வைச்சிடாதை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முதல் பிடியை வாயில் வைத்தான். யது தன்னுடைய குளிசையை விழுங்கிவிட்டு, "அப்பா சாப்பிட்டிட்டார்" என்று தாயிடம் அறிவித்தாள்.

ஒழுங்கை முனையில் பள்ளிக்கூட பஸ் ஹோர்ன் அடித்தது. யது புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வழமைபோல ஓட வெளிக்கிட்டாள். வாசல் படலைக்கு வெளியே இரண்டு எட்டு வைத்ததும் நினைவு வந்து நின்றாள். பிறகு நடந்தாள். செந்தூரன் எச்சில் கையோடு படலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். முன்வீட்டுப் பாலேஸ்வரி அக்கா மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தார்: "ஆறுதலாய்ப் போ பிள்ளை, பஸ்காரன் நிப்பான்." ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதைதான் இப்போது அது. எந்தக் கதை வெளியே போகக்கூடாது என்று உதயகலா அவனுடைய சட்டையைப் பிடித்தாளோ, அந்தக் கதை பஸ் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் நடந்து வந்து ஏறும்வரை காத்து நின்றான்.